நாச்சியா வளத்த உடும்பு

எங்க பெரியய்யா ஒரு சொலவடை சொல்லுவாவ, மதினி. உடும்பு வேண்டாம், கைய விட்டாப் போதும்னு முடியும். அதுக்கு முன்னால ஒரு வரி உண்டு. பொந்துக்குள்ள கைய விட்டவன்னு என்னமோ ஆரம்பிக்கும்... வரமாட்டேங்குது. பட்டாளத்துல இந்தி பேசிப் பேசி ஊருப் பேச்செல்லாம் பாதி பாதியாத்தான் நாக்குல நிக்கி. அட, நீங்க ஏன் நின்னுக்கிட்டே இருக்கீய? கட்டில்ல உக்காருங்க. அண்ணன் வீட்டம்மா இந்தத் தோப்புக்குள்ள காலு வச்சு எம்புட்டுக் காலமாச்சு! வரப்பத் தாண்டுனா கூப்புடு தூரம்.

உடும்பக் கேட்டுத்தான் வந்திருக்கீயன்னு தெரியும். மம்சாபுரம் டீக்கடையிலயே பேசிக்கிட்டாவ. சோணைமுத்து வைத்தியரு சொன்னாராக்கும்? சௌந்தரபாண்டி அண்ணனுக்கு இளைப்பு முத்திருச்சு, உசுரோட உடும்பு புடிச்சு, அறுத்து, சூடு ஆறுமுன்ன அந்த ரத்தத்தக் குடிக்கணும்னு. காட்டுல போய்ப் புடிக்க வழியில்ல. அணில் சரணாலயம்னு போர்டு வச்சதுல இருந்து பாரஸ்டு ஜீப்பு சுத்திக்கிட்டே கெடக்கு. அப்ப தம்பி வீடு ஞாவகம் வரும்தான? கோவிச்சுக்காதிய. வாங்க, மொதல்ல அதப் பாருங்க. கெணத்தோரமா வாங்க. பயப்படாண்டாம், மேல ஏறி வராது.

தெரியுதா? மாங்கட்டைக்குப் பக்கத்துல, வெயில் விழுகிற எடத்துல. ஆமா, கல்லுன்னுதான் நெனப்போம். நாக்க நீட்டுது பாருங்க. ஆளு வந்தது அதுக்குத் தெரிஞ்சு போச்சு.

இம்புட்டு நீளமான்னு கேக்கீய. நாச்சியா எடுத்தாரும்போது ஓணான் அம்புட்டுத்தான் இருந்துச்சாம். ஒரு மழையில கரையான் புத்து கரைஞ்சு, அதுக்குள்ள இருந்து வெளிய வந்து கெடந்திருக்கு. நாய் கவ்வுமுன்ன முந்தானையில வாரிட்டு வந்துட்டா. பிஸ்கட் டின்னுல வச்சு, கரப்பான் புடிச்சுப் போட்டு வளத்தா. எனக்கு எழுதுனா, வீட்டுல பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளு வந்தாச்சுன்னு. நா ஜம்முல பனிக்குள்ள கெடக்கேன், பிள்ள குட்டியும் இல்ல, எம் பொண்டாட்டிக்குத் தொணை ஒரு உடும்பு. நாச்சியா உங்களுக்கும் ஓரகத்திதான், மதினி. பக்கத்துத் தோப்புலதான் இருந்தீய. சரி, விடுங்க.

பொறவு வளந்துருச்சு. கோழிக்கூண்டுல போட்டா. நா பென்சன் வாங்கிட்டு வந்து பாக்கேன், திரும்ப எடமில்லாம வால மடக்கிக்கிட்டுக் கெடக்கு. கம்பியில ஒரசி ஒரசி மூக்கெல்லாம் புண்ணு. பெரிய கூண்டா ஒண்ணு செய்ங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. செய்யலாம் செய்யலாம்னேன். அவ போன பொறவுதான் செஞ்சேன்.

கெணறு சும்மாதான கெடந்துச்சு. அது எப்படிச் சும்மா கெடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அண்ணன் வரப்புக்கு அந்தப் பக்கம் போர் போட்டாவ, ஒரே கோடையில இங்க ஊத்து அத்துப் போச்சு. சப்பட்டை மாமரம் அம்புட்டும் நின்ன வாக்குல காஞ்சு, வெறகாத்தான் வெட்டுனேன். தப்புன்னு சொல்லல. அவிய எடம், அவிய போரு. பூமிக்கு அடியில வரப்பு கெடையாதுல்லா?

ராஜபாளையத்துல இருந்து சின்னக்கருப்பன் கொத்தனாரக் கூட்டியாந்தேன். என்ன செய்யணும்னு சொன்னதும் சிரிச்சாரு பாருங்க, கரண்டியக் கீழ வச்சுட்டுச் சிரிச்சாரு. சார், உங்களுக்கே குளிக்க ஒரு மறப்பு இல்ல, ஓலத் தட்டிதான் இருக்கு, உடும்புக்கு பங்களாவான்னாரு. கெணத்துக்குள்ள செம்மண்ணு அடிச்சு, புத்து மண்ணு போட்டு, வளை தோண்ட மேடு வச்சு, ஆவாரஞ்செடி நட்டு, தண்ணிக்குத் தொட்டி. கல்லுக் கட்டடத்துல அது சரசரன்னு ஏறிரும்லா, அதான் மேல வழுவழுன்னு சிமெண்டு பூசி, சுத்தித் தகரம் அடிச்சோம். எந் தம்பி சீனிச்சாமி உடும்புக்கு அரமணை கட்டிட்டான், இனி அதுக்குப் பொண்ணு பாக்கணும்னு அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சாவளாமே. நல்லாச் சிரிக்கட்டும். அப்ப அவியளுக்கு மூச்சு இருந்துச்சு.

எறக்குறதுதான் பெரும்பாடு. கூண்டுக்குள்ள நாச்சியா அவ பழைய சேல ஒண்ண விரிச்சு வச்சிருந்தா. வாடாமல்லிக் கலரு. நா வடக்க இருந்து மொத லீவுக்கு வாங்கியாந்தது. உடும்பு அதுல நகத்தப் போட்டுப் புடிச்சுக்கிருச்சு. ஒரு காலப் பிரிச்சா இன்னொரு காலு. இழுத்தா சேல கிழியுது. கடைசியில சேலையோட கூடையில வச்சு, கயித்தக் கட்டி எறக்கிட்டேன். ரெண்டு நா கூடைய விட்டு எறங்கல. பொறவு மெல்ல எறங்கி, மண்ணப் பறிச்சு, வளைக்குள்ள போயிருச்சு. மூக்குப் புண்ணும் ஆறிருச்சு. சேலதான் அங்கன கெடந்து மக்குது, பாருங்க, தொட்டிக்கு அடுத்தாப்புல.

பொண்டாட்டி மேல என்னா பாசம்னு ஊரு சொல்லுது. உங்க காதுக்கும் வந்திருக்கும். பொய்யி, மதினி. அது வீட்டுல இருந்தா காலைல எந்திரிச்சதும் அது மொகத்துல முழிக்கணும். எனக்கு அதப் பாக்க முடியல. கொல்லவும் முடியல. கண்ணுக்குக் கீழ எங்கயாச்சும் கெடக்கட்டும்னுதான் கெணத்துல விட்டேன். அவ்வளவுதான் பாசம்.

ஏன்னு கேக்கீயளா? நாச்சியாளுக்கும் இளைப்புதான. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி, மதுரைப் பெரியாஸ்பத்திரி, எல்லாம் பாத்தேன். கடைசியில வந்தது இதே சோணைமுத்து, சொன்னது இதே வைத்தியம். உங்களுக்குத் தெரியாதா? தெரியாதுதான், நீங்க எங்க வந்தீய. வேற உடும்பு தேட நேரமில்ல. கூண்டு பக்கத்துலயே இருக்கு. அருவாளத் தீட்டிட்டேன். அவ சொவத்துல சாஞ்சு உக்காந்து என்னையவே பாக்கா. எங் கையில தின்னு வளந்தது, என் தொண்டையில எறங்காதுன்னா. அதச் சொல்லி முடிக்கவே அவளுக்கு அம்புட்டு நேரம் ஆச்சு. அருவாள வச்சுட்டேன். அவ அந்த மார்கழி தாண்டல.

ரத்தத்துல ஒண்ணும் இருக்காதுன்னு நீங்களா சொல்லுதீய? பொறவு எதுக்கு வந்தீய? ஒரு நம்பிக்கைன்னு சொல்லுதீய. ஆமா. எனக்கும் ஒரு நம்பிக்கைதான். அதுல ஒண்ணுமே கெடையாது, குடுத்திருந்தாலும் அவ போயிருப்பாங்கிற நம்பிக்கை. அத வச்சுத்தான் நாளத் தள்ளுதேன்.

அண்ணன் கூடப் பொறந்தவுக. அவியளுக்கு ஒண்ணுன்னா எனக்கும் பதறத்தான் செய்யும். போர் போட்டதுக்குப் பழி வாங்குதான்னு நெனைக்காதிய, அதெல்லாம் ஆறிப் போச்சு. ஆனா அவிய இதக் குடிச்சு, மூச்சு சரியாகி, காலைல வேப்பங்குச்சியக் கடிச்சுக்கிட்டு அந்த வரப்புல நடந்து வந்தாவன்னு வைங்க. நா எங்க போயி முட்டிக்குவேன், மதினி? சொல்லுங்க. அன்னைக்கு அருவாளக் கீழ வச்ச கைய நா என்ன செய்வேன்?

அழாதிய. மதுரைக்குக் கொண்டு போகணும்னா சொல்லியனுப்புங்க, கார் புடிச்சுத் தாரேன்.

உடும்பத் தரமாட்டேன்.