நேற்றுக் கொடுத்த அவுட்

கம்பம் பேருந்தில் முன் சீட்டுக்காரர் நண்பரிடம் சொன்னார்: "கிரிக்கெட் வாரியம் தடை பண்ணுன ஆட்டக்காரருக்கு நேத்து நான் அவுட் குடுத்தேன்டா."

"வாரியத்துக்குப் போட்டியா வந்த புது லீக்குல போய்ச் சேந்தாரே, அவருக்கா?"

"அவருக்குத்தேன். நம்ம ஊர்ல இருக்குற அவரு மாமனார் வீட்டுக்கு வந்திருந்தாரு. 'எந்த மைதானத்துலயும் விட மாட்டேங்குறாக, உங்களோட ஆடலாமா'ன்னு கேட்டாரு. மொதப் பந்தையே தூக்கி அடிச்சாரு பாரு, தென்னைமரத்தத் தாண்டித் திராட்சைத் தோட்டத்துக்குள்ள விழுந்துச்சு."

"நம்ம ஊர்ல அது அவுட்டுல்ல?"

"கொடி சேதமாகும்னு வச்ச விதியாச்சே. வெரலத் தூக்கிட்டேன். அம்புட்டுப் பெரிய வாரியத்துக்கே அடங்காத மனுசன்டா, மட்டையக் கக்கத்துல வச்சுக்கிட்டு, தோட்டத்துக்காரர்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போயிட்டாரு. தூக்குன வெரலு இந்தா, இதுதேன்."

நண்பர் அந்த விரலைத் தொட்டுப் பார்த்தார்.