பாணன் கைவிட்ட மந்திரம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குப் பிரியாணிகூட இரண்டாம்பட்சம்தான், சார். வேப்பம்பட்டில் இளமதி வீட்டு மொட்டைமாடியில் தகரம் போட்ட ஓர் அறை இருக்கிறது. ஸ்டீவன் சர்ச் முடிந்து வந்ததும் நாங்கள் நான்கு பேரும் அங்கே போய் உட்காருவோம். பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டோம். நீங்கள் இளமதியை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறீர்களே, அந்தப் பெண் அங்கே செய்ததெல்லாம் கதை சொன்னது ஒன்றுதான். அதைப் புரியவைக்கத்தான் நானாகவே வந்தேன்.

நால்வருக்கும் தேர்வாய் கண்டிகையில் ஒரே கம்பெனி. இளமதி லேப். ஜெபா பேக்கிங். ஸ்டீவன் பெரிய தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவுகிறவன். சரவணகுமார் ஆகிய நான் அவனுக்கு ஸ்டேண்ட்பை. அவன் இறங்கும் முன் மீட்டரை உள்ளே விட்டுக் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை வைத்துக்கொண்டு வெளியே நிற்பது, ஏதாவது என்றால் ஆள் கூப்பிட்டு இழுப்பது. இதுதான் என் வேலை. ஒன்றும் ஆகாதவரை நான் சும்மா நிற்கிறவன். வருஷக்கணக்காக ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே நாங்கள் ஆடுவது ஒரு கதை ஆட்டம், இளமதி காலேஜில் கற்றுக்கொண்டது. "முன்னாடி ஒரு குகை. உள்ளேர்ந்து மூச்சு வுடுற சத்தம் வருது. இன்னா பண்றீங்க?" என்று அவள் கேட்பாள். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்லிவிட்டுப் பகடை உருட்டுவோம். விழுகிற எண்ணைப் பொறுத்து வாழ்வோம், சாவோம். ஸ்டீவன் வாள்வீரன். ஜெபா பூட்டுத் திறக்கிற திருடன். நான் பாணன். யாழை மீட்டி மந்திரம் போடுகிறவன்.

பாணனாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு சார். மந்திரவாதி புத்தகம் புத்தகமாகப் படித்து வைத்துக்கொள்ளலாம். பாணனுக்குத் தெரிந்த மந்திரங்கள் கொஞ்சம்தான். ஆட்டத்தில் ஒரு படி ஏறும்போது, பழையதில் ஒன்றை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். எதை எடுப்பது என்று எவனும் சொல்லிவிடுவான். எதை விடுவது என்பதில்தான் ஆள் யாரென்று தெரியும்.

என்னிடம் காயம் ஆற்றும் பாட்டு ஒன்று இருந்தது. குற்றுயிராகக் கிடக்கிறவனைக்கூட எழுப்பி உட்கார வைத்துவிடும். வேறு யாரிடமும் அது கிடையாது. ஆகவே நான் அதை விடவே மாட்டேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. ஸ்டீவன் வாளை உருவிக்கொண்டு பாய்வான், அடிபடுவான், நான் பாடுவேன், அவன் எழுந்து ராட்சசனைக் கொல்வான். கைத்தட்டல் அவனுக்கு. கம்பெனியிலும் அதேதான். தொட்டி பளபளப்பாக இருந்தால் சூப்பர்வைசர் சந்திரமோகன் அவன் முதுகைத் தட்டுவார். கயிற்றைப் பிடித்தவன் முதுகை யார் தட்டப்போகிறார்கள்?

இளமதியிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த மந்திரத்தை விட்டேன், எதை எடுத்தேன் என்பதை அவள் காதில் மட்டும்தான் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு அது தேவைப்படும்போதுதான் தெரியும். கதைக்கு அதில்தான் ருசி என்பாள். அதனால் யாராவது படி ஏறிவிட்டால் ஒருவரையொருவர் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொள்வோம்.

போன மழைக்காலத்தில் நான் படி ஏறினேன். காயம் ஆற்றும் பாட்டை விட்டேன். யோசனை மந்திரத்தை எடுத்தேன். அது என்னவென்றால், எதிராளியிடம் நியாயமாகத் தோன்றும்படி ஒரு யோசனை சொல்ல வேண்டும். நியாயமாகத் தோன்றிவிட்டால் போதும், மறுபேச்சில்லாமல் செய்வான்.

இளமதி என் பக்கம் குனிந்தாள். "நெஜமாவா அண்ணா? இத்த வுட்டா ஸ்டீவனுக்கு யாரு கீறாங்க?" என்று கிசுகிசுத்தாள்.

"ஆட்டந்தானேம்மா" என்றேன்.

அன்றைக்கே ஸ்டீவனின் வாள்வீரன் குகைக்குள் பாய்ந்தான், விழுந்தான். "குமாரண்ணா, பாட்டு போடு" என்றான், பகடையைக்கூடப் பார்க்காமல். இப்போது அது என்னிடம் இல்லை என்றேன். அவன் முதலில் சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "உன்ன நம்பித்தானே அண்ணா உள்ள பூந்தேன்" என்றான். சொல்லக் கூடாதுதான் சார், எனக்கு அந்த நேரம் இனித்தது. முதல் தடவையாக எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாள்வீரன் செத்ததும் ஸ்டீவன் புதிய ஆளை உருவாக்கிக்கொண்டு வந்தான். பாணன். காயம் ஆற்றும் பாட்டோடு. அவன் சர்ச்சில் பாடுகிறவன். மந்திரம் போடும்போது நிஜமாகவே பாடினான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல குரல். இளமதி கண்ணை மூடிக் கேட்டாள். ஜெபா என் தொடையைத் தட்டி, "இன்னாண்ணா, ஒரே ஊட்ல ரெண்டு பாணனா? நீ வேற எதனா மாத்திக்கினு வா" என்றான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது.

அதற்கப்புறம் எனக்குச் சில விஷயங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. கேன்டீனுக்குப் பின்னால் ஸ்டீவனும் சந்திரமோகனும் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும். லாக்கர் ரூமில் ஸ்டீவன் என்னைப் பார்த்து எதற்கென்று தெரியாமல் சிரிப்பான். ஒருநாள் சந்திரமோகன் என்னைக் கூப்பிட்டு, "குமாரு, உன்ன அந்த எடத்துலேர்ந்து மாத்தலாம்னு கீறேன்" என்றார்.

"யாரு சொன்னாங்க சார்?"

"யாரு சொன்னா இன்னா, நல்லதுக்குத்தான்" என்று போய்விட்டார்.

நல்லதுக்குத்தான் என்று சொல்லிச் செய்கிற காரியம் எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். ஆட்ட மேசையில் என் இடத்தை ஸ்டீவன் எடுத்துக்கொண்டான். இப்போது தொட்டியருகே இருக்கிற இடமும் போகப்போகிறது. நான் கோபப்படவில்லை சார். யோசித்தேன்.

உங்கள் கையில் இருக்கிற அந்த மெசேஜ் அதற்கடுத்த சனிக்கிழமை வந்தது. "நாளைக்கு ஸ்டீவன் சாவறது உறுதி. யாராலயும் தடுக்க முடியாது" என்று இளமதி எங்கள் குரூப்பில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை கதையில் ஒரு டிராகன் வருகிறது, அதைத்தான் சொன்னாள். நீங்கள் அதைப் படித்துவிட்டு, மீட்டரைச் சரிபார்த்துக் கொடுக்கிற லேபும் அவளுடையது என்பதைச் சேர்த்துவைத்து ஒரு கணக்குப் போட்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன். ஆனால் அதற்குக் கீழே ஸ்டீவன் போட்ட பதிலையும் படித்திருப்பீர்களே. "குமாரண்ணா கீறாரு. பயமே இல்ல."

அந்த ஞாயிறு நாங்கள் எல்லோருமே படி ஏறினோம். நான் இளமதியின் காதில் சொன்னேன்: யோசனை மந்திரத்தை விடுகிறேன், காயம் ஆற்றும் பாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். டிராகன் ஸ்டீவனின் பாணனைப் பொசுக்கிப் போட்டது. நான் பாடினேன். என் கட்டைக் குரலில், நிஜமாகவே பாடினேன். அவன் பிழைத்து எழுந்தான். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "நம்ம அண்ணா திரும்பி வந்துட்டாருடா" என்று கத்தினான். ஜெபா விசிலடித்தான்.

யோசனை மந்திரம் மேசையில் இனி எனக்குத் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை நாஷ்டா முடித்துவிட்டுத் தொட்டிக்குப் போனோம். அந்தத் தொட்டியில் நைட்ரஜன் நிரப்பி வைத்திருந்தார்கள். ப்ளோயரை ஓட்டி நல்ல காற்று ஏற்றிய பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. உள்ளே இருக்கிறவனுக்கு மூச்சு முட்டுகிற மாதிரிகூட இருக்காது என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். நான் மீட்டரை உள்ளே விட்டேன். ஆக்சிஜன் போதாது என்று அது கத்தியது. மீட்டரில் ஒரு குறையும் இல்லை சார், யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். இளமதி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தாள். நான் சத்தத்தை அமர்த்தினேன்.

ஸ்டீவன் பெல்ட்டை மாட்டிக்கொண்டே வந்தான். "இன்னாண்ணா கத்துச்சு?"

"பேட்டரி கம்மியா கீது, அதான். காத்து நல்லா கீது. வெயில் ஏறங்காட்டியும் முடிச்சுட்டா உனக்குத்தான் சுளுவு. எறங்கு."

நியாயமாகத்தானே இருக்கிறது?

"நீ பாத்தல்ல?" என்றான்.

"பாத்தேன்" என்றேன். பொய் சொல்லவில்லை. பார்த்தேன்.

அவன் முந்தின நாள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். பாட்டு நின்றது. கயிறு ஒருமுறை அசைந்தது. பிறகு கனத்தது. நான் நின்றேன். என் வேலையே நிற்பதுதான். போதும் என்று தோன்றிய பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன். எல்லோரையும்விட நான்தான் பலமாக இழுத்தேன்.

அடக்கத்தன்று அவன் அம்மா மேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்தும் முடியலியே நைனா" என்று அழுதார்கள். நானும் அழுதேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் சந்திரமோகன் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். எனக்குப் பாதுகாப்பு ஆபீசர் பயிற்சி வாங்கிக் கொடுக்கச் சொல்லி ஸ்டீவன் அவரை மாசக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தானாம். எனக்குத் தெரியாமல் திடீரென்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டானாம். "பாவம் சார் அந்தாளு, எத்தினி வருஷம் வெளியவே நிப்பாரு" என்றானாம்.

அதைக் கேட்டு வருத்தமாக இருந்தது சார், இல்லையென்று சொல்லவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஆனால் பாவம் என்று சொல்லியிருக்கிறான் பாருங்கள். அவனை யார் கேட்டார்கள்?

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். கம்பெனியைத் துருவினீர்கள், லேபைத் துருவினீர்கள், ஜெபாவை அரைநாள் நிற்க வைத்தீர்கள், இளமதியைக் கூட்டிப்போனீர்கள். என்னிடம் உங்கள் ஏட்டு வந்து, "நீ ஊட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு குமாரு, உனக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். இத்தனை பேரைச் சந்தேகப்பட்டீர்கள். கயிறு யார் கையில் இருந்தது என்று ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னால் தூங்க முடியவில்லை.

நான் வந்தது அந்தப் பெண்ணுக்காக மட்டும்தான். அவளுக்கு ஒரு பாவமும் தெரியாது, இப்போதே அனுப்பிவிடுங்கள். மீட்டர் கோளாறு, மெசேஜ், கம்பெனி அஜாக்கிரதை என்று எதையும் கூடவே சேர்த்து எழுதாதீர்கள். யோசித்தது நான், சொன்னது நான், அவன் கேட்டதும் என் பேச்சைத்தான். ஸ்டீவனை நான் கொன்றேன் சார். பக்கத்தில் சும்மா நின்றவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.