பொம்மைத் தலை

— மணி மூணாகப்போகுது மச்சான். இந்நேரத்துக்கு எவனும் முடிவெட்ட வரமாட்டான். ஷட்டரப் பாதி இறக்கிட்டு வந்து உட்காருங்க. இன்னைக்கே முடிவு பண்ணிடலாம்.

— நான்தான் சொல்லிட்டேனே மாப்ளே. வீடியோவுக்கு முடிவெட்டிக் காட்ட ஒரு பொம்மைத் தலை வாங்கு. இதுல முடிவு பண்றதுக்கு என்ன இருக்கு?

— அந்த நாற்காலியில வேண்டாம். உட்கார்ந்தா தானா கீழ இறங்கும்.

— இறங்கட்டும். நானும் அதுவும் பழகிட்டோம்.

— நேத்து ஒருத்தன் கமெண்ட் போட்டிருக்கான். வீடியோ ஆரம்பிக்கறப்ப தலை நடுவுல இருக்கு, முடியறப்ப உச்சிதான் தெரியுது, ஆளு என்ன கிணத்துல இறங்கறாரான்னு.

— நல்லாத்தான் கேட்டிருக்கான். என்ன பதில் போட்ட?

— உங்க தங்கச்சி போட்டா. ஆமா தம்பி, தண்ணி தெரிஞ்சதும் சொல்றோம்னு.

— அவளுக்கு வாய்.

— சிரிக்காதீங்க. சேனல் ஆரம்பிச்சு ஒரு வருஷம் கழிச்சு இப்பத்தான் அதுலேர்ந்து முதல்முதலா காசுன்னு ஒண்ணு வந்திருக்கு. அது கடை வாடகைக்கே பத்தாது. பொம்மைத் தலையும் லைட்டும் வாங்கினா மொத்தமும் காலி.

— காலியாகட்டும். சேனல்ல வந்தத சேனல்லயே போடு.

— ஈஸியா சொல்லிட்டீங்க. தெருமுனையில அந்தப் புதுக் கடை வந்ததுலேர்ந்து இங்க எத்தன பேர் வர்றான்? காலையில கடை திறந்து, கண்ணாடியத் துடைச்சு, திரும்பத் துடைச்சு, மத்தியானம் பேப்பர் படிச்சு முடிச்சுட்டேன்.

— அதனாலதான் போடச் சொல்றேன்.

— பொம்மைக்கு வெட்டினா வளராது மச்சான். ஒரே வெட்டு. அப்புறம் அதத் தூக்கிப் பரண்ல போடணும். உங்க தலை அப்படியா? மாசம் பொறந்தா தயாரா நிக்குது.

— மாசத்துக்கு ஒரு வீடியோ. என் முடி வளர்ற வேகத்துலதான் உன் சேனலும் வளருது. பொம்மை இருந்தா நீ யாருக்கும் காத்திருக்க வேண்டாம்.

— கஸ்டமர் யாராவது ஒத்துக்கிட்டா இந்தப் பேச்சே இல்ல. இங்க வர்றவன் கண்ணாடியிலயே தன் மூஞ்சியப் பார்க்கப் பயப்படறான். வீடியோவுக்கு எங்க உட்காரப்போறான்?

— நான் மட்டும் என்ன, கல்யாண மாப்பிள்ளையா?

— கேளுங்க. நான் வேற ஒண்ணு நினைச்சு வெச்சிருக்கேன். வந்த காசுல பாதி உங்களுக்கு.

— எனக்கா? எதுக்கு?

— உங்க தலையாலதானே வந்தது. ராத்திரி முழுக்க வாட்ச்மேன் வேலை பார்த்துட்டு, தூங்காம நேரா இங்க வந்து உட்கார்றீங்க. நான் வெட்டறப்ப பாதி நேரம் தூங்கி விழறீங்க. ஒரு டீ வாங்கிக் கொடுத்ததோட சரி.

— தூங்கத்தானே வர்றேன். வீட்ல எங்க விடறாங்க?

— மீதியில இந்த நாற்காலிய சரி பண்ணிடறேன். அடியில எண்ணெய் ஒழுகுது.

— வேண்டாம்.

— எது வேண்டாம்?

— ரெண்டும். பொம்மைய வாங்கு.

— அந்தப் பொம்மை மேல உங்களுக்கு அப்படி என்ன பாசம்?

— பாசமெல்லாம் இல்ல. அது நிமிர்ந்து உட்காரும். தூங்காது. வாயாடாது.

— அதான் பிரச்சனையே. உங்க பேச்சுக்குத்தான் ஆளுங்க வர்றாங்க. போன வீடியோவுல கத்திரிய எப்படிப் பிடிக்கணும்னு தொண்டை வத்தக் கத்தறேன். ஒருத்தனும் அதப் பத்திக் கேட்கல. அந்த அண்ணனுக்கு லீவு கிடைச்சுதான்னு கேட்கறான். முதலாளி லீவு தரமாட்டேங்கறான்னு நடுவுல புலம்பினீங்களே, அதுக்கு.

— கொடுத்துட்டான்.

— யாரு, முதலாளியா? பரவாயில்லையே. எத்தன நாளு?

— அத விடு. வேற என்ன கமெண்ட் வந்துச்சு?

— வழக்கமானதுதான். லைட் பத்தல, அதே தலைதானான்னு. அப்புறம் ஒருத்தன், ஏன் எப்பவும் வலது பக்கமே காட்டறீங்க, இடது பக்கம் உங்களுக்கு வெட்ட வராதான்னு கேட்டிருக்கான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

— அதுக்கு என்ன பதில் போட்ட?

— போடல. நீங்கதானே மூணு வீடியோவா அந்தப் பக்கம் எடுக்காதேன்னீங்க. ஜன்னல் வெளிச்சம் கூசுதுன்னு.

— கூசுச்சு.

— அந்தப் பக்கம் ஜன்னலே இல்ல மச்சான். எனக்கும் அந்தக் கமெண்டப் பார்த்தப்பறம்தான் உறைச்சுது.

— ம்.

— அலுத்துப்போச்சா உங்களுக்கு? சொந்தமாச்சேன்னு வாயத் திறக்காம இருக்காதீங்க. நான் தப்பா எடுத்துக்கமாட்டேன்.

— ஆமா. அலுத்துப்போச்சு.

— ஓ.

— கோவிச்சுக்காத.

— கோவமெல்லாம் இல்ல. முன்னாடியே சொல்லியிருக்கலாம். பொம்மை பொம்மைன்னு சுத்தி வளைச்சிருக்க வேண்டாம். சரி, விடுங்க. உங்க பாதிய வாங்கிக்கங்க. மீதிக்கு ஒரு பொம்மை வாங்கிக்கறேன். நாற்காலி கிடக்கட்டும்.

— என் பாதிக்கும் சேர்த்து ரெண்டு பொம்மை வாங்கு. தங்கச்சி என்ன சொல்றா?

— அண்ணன் கையால வாங்கிக்காது, சட்டைப் பையில திணிச்சு விடுங்கன்னா.

— அவகிட்ட ஒண்ணும் சொல்லாத.

— காசப் பத்தியா?

— எதப் பத்தியும். நானே வந்து சொல்லிக்கறேன். அந்த மிஷின எடு.

— எதுக்கு? போன வாரம்தானே வெட்டினேன். இன்னும் மூணு வாரமாவது போகட்டும்.

— மூணு வாரத்துக்கு அது நிக்காது மாப்ளே.

— எது நிக்காது?

— துண்டப் போடு. சொல்றேன்.

— போட்டாச்சு. என்ன மச்சான், கழுத்து இப்படி இளைச்சுக் கிடக்கு? துண்டு ஒரு சுத்து கூட வருது. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. காதுக்குக் கீழ இது இன்னும் ஆறலையா? கொப்புளம் கொப்புளம்னே சொல்லிட்டு இருந்தீங்க. கல்லு மாதிரி இருக்கே.

— லீவு ஆறு மாசம். திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில மருந்து ஏத்த ஆரம்பிக்கறாங்க. ஏத்தினா முடி கொத்துக் கொத்தாக் கொட்டுமாம். அதுக்கு முன்னாடி நீயே எடுத்து விட்டுடு, உனக்கும் ஒரு வீடியோ ஆகும். இந்தத் தடவை கேமராவ இடது பக்கம் வெச்சுக்கோ.