வாசலில் தாங்கள் நடத்திய வகுப்பு

அறிவால் உயர்ந்தவரே! அன்பால் எங்களை ஆண்டவரே! அதட்டாமலே அடக்கும் ஆற்றலாளரே! சொல்லைத் துருவி மெய்யைத் தேடிய தூயவரே! குற்றவியல் துறையின் குன்றாச் சுடரே! பணிநிறைவு பெறும் பேராசிரியை அம்மையீர், வணங்குகிறோம்!

ஆய்ந்து சிந்தித்தல், கருத்துத் தொடர்பு, குற்றவியல் நீதி என இளங்கலை மாணவர்க்குத் தாங்கள் கற்பித்த பாடங்கள் மூன்று. தங்கள் வகுப்பிலோ அவை மூன்றும் ஒன்றே. "கேட்டதையெல்லாம் நம்பாதே, நம்பியதையெல்லாம் பரப்பாதே, பரவியதை வைத்து எவரையும் தண்டிக்காதே!" இதுவே தங்கள் முதல் நாள் பாடம், கடைசி நாள் பாடமும் இதுவே. மாணவர்கள் மறைவில் தங்களுக்குச் சூட்டிய பெயர் 'குறுக்கு விசாரணை'. அது தங்களுக்குத் தெரியாது என்று இன்றுவரை நம்புகிறார்கள், பாவம்!

கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்க வேண்டிய மடல் இது. தங்கள் பெருமைகள் இதில் அடங்கா. ஆகவே ஒரே ஒரு நண்பகலை மட்டும் இந்த அவையில் எடுத்துரைக்கிறோம். அன்று இங்கு இல்லாத இளையோரும் அறியட்டும்.

பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டதாக ஒரு செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருந்த வாரம் அது. மதிய இடைவேளையில் கல்லூரி வாசலில் கூச்சல் கேட்டது. ஆசிரியர் அறைச் சன்னலில் எட்டிப் பார்த்தோம். சாயம்போன சட்டை அணிந்த ஒருவர், அழுதுகொண்டிருந்த சிறுமி ஒருத்தியின் கையை இறுகப் பற்றி நின்றார். சிறுமியின் உதட்டோரம் இரத்தம். சுற்றிலும் பெருங்கூட்டம். கல்லூரிக்கு எதிரே கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர் இரும்புக் குழாயுடன் கூட்டத்துக்கு முன்னால் நின்றார். நம் மாணவர்கள் சிலரும் அக்கூட்டத்தில் இருந்தார்கள்.

காவல் நிலையத்துக்கு யார் பேசுவது என்று நாங்கள் முடிவு செய்வதற்குள் தாங்கள் படியிறங்கிவிட்டீர்கள், சாப்பிட்ட கையைக் கூடக் கழுவாமல். கூட்டத்தைப் பிளந்து சென்று அந்த மனிதருக்கு முன்னால் நின்றீர்கள். பின்னாலேயே ஓடி வந்த எங்கள் காதுகளில் விழுந்தவை இவை.

"விலகுங்க மேடம்! இவன் புள்ள பிடிக்கிறவன். வாயில ரத்தத்தப் பாருங்க!" என்றார் கடைக்காரர்.

"இவர் பிடிச்சத யாரு பாத்தது?"

"எல்லாருந்தான் பாத்தாங்க!"

"எல்லாரையும் விடுங்க. நீங்க பாத்தீங்களா?"

கடைக்காரர் பக்கத்தில் நின்ற பழவண்டிக்காரரைக் காட்டினார். பழவண்டிக்காரர் நம் மாணவன் ஒருவனைக் காட்டினார். அவன், "குரூப்ல வந்துச்சு மேடம்," என்று முணுமுணுத்தான்.

தாங்கள் குனிந்து, "கண்ணு, இவரு யாரும்மா?" என்று கேட்டீர்கள். சிறுமி வாயைத் திறக்கவே இல்லை. "பாத்தீங்களா, பேசவே பயப்படுது!" என்று கூட்டம் கொதித்தது. குழாய் உயர்ந்தது. "என் அக்கா பொண்ணுங்க... பல்லு..." என்ற அம்மனிதரின் குரலை எவரும் கேட்பதாய் இல்லை.

அப்போது தாங்கள் சொன்னீர்கள்: "இவரு நல்லவரா கெட்டவரான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சாக்கூட அடிக்கிறது நம்ம வேல இல்ல. முதல்ல அவரப் பேச விடுங்க."

அடுத்த தெருப் பல் மருத்துவமனையிலிருந்து வருவதாகவும், பல் பிடுங்கிய இடத்தில் வைத்த பஞ்சைக் கடித்துக்கொண்டிருப்பதால் பிள்ளை பேசவில்லை என்றும் அவர் திக்கித் திணறிச் சொன்னார். அம்மையீர், அதையும் தாங்கள் உடனே நம்பிவிடவில்லை! கடைக்காரரைப் பார்த்து, "நீங்களே போய் விசாரிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் இவரு இங்கதான் இருப்பாரு, நானும் இருப்பேன்," என்றீர்கள். குழாயைக் கீழே வைத்துவிட்டு அவர் ஓடினார். தலைவன் போனதும் கூட்டத்தின் சூடும் தணியத் தொடங்கியது.

திரும்பியபோது அவருடன் மூச்சிரைக்க ஒரு செவிலியர் வந்தார். "வாயத் திறக்காதடி செல்லம், பஞ்சக் கடிச்சுக்கோ! இவரு இவளோட மாமாதாங்க. பல்லு புடுங்கினது இவளுக்கு, ஓன்னு அழுதது இவரு!" என்றார். கொல்ல வந்த கூட்டம் சிரித்தது. அந்த மாமன் மட்டும் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், முகத்தைப் பார்க்காமலே.

செய்தி பொய் என்று அன்று மாலை கடைக்காரரே அதே குழுவில் எழுதினார். அதை எவரும் பரப்பவில்லை! பொய் ஓடிய கால்களில் மெய் நடக்கக்கூட இல்லை. அது ஏன் என்பதையே மறுநாள் வகுப்பில் விவாதிக்க வைத்தீர்கள். வகுப்பு முடிந்ததும், கூட்டத்தில் நின்ற மாணவர்களை அந்த மாமன் வீட்டுக்கு அழைத்துப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தீர்கள். அவருடைய அக்கா வாசலிலேயே கேட்டார்: "என் தம்பி போயிருந்தா, அப்புறம் பொய்யின்னு தெரிஞ்சு என்னப்பா பிரயோசனம்?" அந்தக் கேள்வியை மறந்தவர் நம் மாணவர்களில் எவருமில்லை.

வாசலில் கூட்டம் கலைந்த அன்று, ஆசிரியர் அறையில் தங்களுக்குத் தண்ணீர் நீட்டினோம். "பயமா இல்லையா மேடம்?" என்று கேட்டதற்கு, "செத்தே போயிட்டேன். காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு. நல்லவேள, புடவை மறைச்சுருச்சு!" என்றீர்கள்.

அச்சமற்றவர் என்று தங்களைப் புகழ்வது பொய்யாகும். அஞ்சியும் நின்றவர் தாங்கள். அதனாலேயே எங்களால் தங்களைப் பின்பற்ற முயல முடிகிறது. அதற்கு நன்றி அம்மையீர்! எத்தனையோ மாலைப்பொழுதுகளில் தங்கள் தாமதமான வரவுக்காகக் காத்திருந்து, இன்றும் முன்வரிசையில் பொறுமையாக அமர்ந்திருக்கும் தங்கள் கணவருக்கும் எங்கள் நன்றி. இனி விசாரணை முழுவதும் அவருக்கே!

நலமும் வளமும் நிறைந்து நூறாண்டு வாழ்வீர்கள் என்று சொன்னால், "ஆதாரம் என்ன?" என்று கேட்பீர்கள். ஆதாரம் இல்லை அம்மா. ஆசைதான்.

என்றும் தங்கள் அன்பில்,
குற்றவியல் துறை ஆசிரியர்கள், அலுவலர்கள்