பதினொண்ணே காலுக்குப் படுக்கும் சர்வர்

...இல்லக்கா, பை மடியிலயே இருக்கட்டும், பஸ்ல நீங்க நகர வேணாம். ஏன் தனியா சிரிக்கறேன்னுதானே பாக்கறீங்க? ஆறு நாளுக்கா! எங்க ஆபீஸ்ல தினம் பதினொண்ணே காலுக்கு நெட் படுக்கும், எல்லாத்தையும் அணைச்சுப் போட்டா மறுபடி ரெண்டு மணிக்குப் படுக்கும். உடனே இருநூறு பேரும் நாற்காலிய உருட்டி என் பக்கம் திரும்புவாங்க. ஆபீஸ்ல நெட்டைப் பாத்துக்கறது நாந்தானே.

அங்க யாரு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நேரா வெளிய போகாதுக்கா. நடுவுல ப்ராக்ஸின்னு ஒரு சர்வர், அதுதான் போய் எடுத்துட்டு வந்து குடுக்கும். அந்த சாஃப்ட்வேர்ல ஒரு ஓட்டை. அளவுக்கு மீறி நீளமா ஒரு கோரிக்கை வந்தா போதும், அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கும், வேற யாருக்கும் பதிலே சொல்லாது. எவனாவது வேணும்னே அனுப்பி ஆபீசையே முடக்கிடலாம். அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க போன மாசமே சரிபண்ணி, புதுசைப் போட்டுக்கோங்கன்னு மெயில் அனுப்பிட்டாங்க. போடலாம்... வெள்ளிக்கிழமை போடலாம்னு... சரி, அத விடுங்க.

யாரு அனுப்பறாங்கன்னு பாத்தேன். எங்க அண்ணி, அதான் வீட்டுக்காரரோட அக்கா, அதே ஆபீஸ்ல மொழிபெயர்ப்புப் பிரிவு. பதினொரு மணிக்குப் பெரிய பெரிய ஃபைலா இறக்குவாங்க. டீ மெஷின் பக்கத்துல, எல்லார் முன்னாடியும், "அண்ணி, நீங்கதான் என்னமோ பண்றீங்க"ன்னுட்டேன். மேனேஜர் அவங்க லைனையே வெட்டச் சொல்லிட்டாரு. பாவம், மூணு நாளா பேப்பர்ல பென்சில்ல எழுதினாங்க. லைனை வெட்டியும் படுக்குதுக்கா... அதுக்கும் அவங்க மேலதான் சந்தேகப்பட்டேன், போன் வழியா பண்றாங்களோன்னு. ஒரே வீடுதான், அவங்க மாடியில, நாங்க கீழ. படியில எதிர்ல வந்தா சுவத்தைப் பாத்துக்கிட்டே போவாங்க. இவரு நடுவுல திருதிருன்னு முழிக்கறாரு.

நேத்து எனக்குப் பல் வலின்னு லீவு. ஆபீசுக்குப் போன் பண்ணி, "படுத்துச்சா?"ன்னேன். "இல்ல மேடம், நல்லா ஓடுது"ன்னாங்க. சாயந்தரமும் நல்லா ஓடுதாம். அண்ணி அதே நாற்காலியில. ஆபீஸ்ல இல்லாதது நான் ஒருத்திதான். பல் வலியே போயிடுச்சுக்கா.

காலைல போய்ப் பாத்தா... சர்வர் உயிரோட இருக்கான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்கறதுக்கு போன வாரம் நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதி என் கம்ப்யூட்டர்ல ஓட விட்டிருந்தேன். அது பழைய கேள்விய அழிக்காம, பின்னாடியே புதுசை ஒட்டி ஒட்டி அனுப்பிருக்கு. எட்டரைக்கு ஆரம்பிச்சா பதினொண்ணே காலுக்கு அனுமார் வால். நல்லாருக்கியா, நல்லாருக்கியான்னு கேட்டே சாகடிச்சிருக்கேன்.

புதுசைப் போட்டேன். பத்து நிமிஷ வேலைக்கா, பத்தே நிமிஷம். அப்புறம் அண்ணி மேஜைக்குப் போய்ச் சொன்னேன். குனிஞ்சுட்டாங்க, தோள் குலுங்குது, அழறாங்கன்னே நினைச்சேன்... சிரிக்கறாங்கக்கா. எனக்கும் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. இப்பவும் பாருங்க, அடக்க முடியல... மன்னிச்சுக்கோங்க.

"நட, மேனேஜர்கிட்ட நீயே சொல்லு, நான் கூட வர்றேன்"னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. அவரு கண்ணாடியைக் கழட்டிட்டு, "நம்மள முடக்கின ஆளைக் கண்டுபிடிச்சாச்சா?"ன்னு கேட்டாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அண்ணி என் தோள்ல கையைப் போட்டு, "ஆச்சு சார், எங்க வீட்டு ஆளுதான்"னாங்க.