தலைகீழாய் மாட்டிய புதன்

தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அம்மையாரே! பரிசுகளையும், பரிசு கிடைக்காதோர் பெருமூச்சுகளையும் ஒருசேரச் சுமக்கும் நடுவர் ஐயா அவர்களே! படமெடுக்கக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தே தோள் வலித்த தாய்மார்களே! கடைசி வரிசைக் கண்மணிகளே! யாரப்பா விசிலடிப்பது? போன ஆண்டு வரை அது என் பொறுப்பு. நன்றாகவே செய்கிறாய்!

குற்றவாளியே நன்றியுரை ஆற்றும் விழா இதுவாகத்தான் இருக்கும்.

அறிவியல் கண்காட்சியில் எங்கள் குழுவுக்குப் புதன் கோள். குழு என்றால் இருவர்: நானும், பென்சிலைக்கூட அளந்து சீவுவதால் 'அளவுகோல்' என்று நாங்கள் அழைக்கும் வகுப்புத் தோழியும். மூன்று மாதம் அவள் உழைத்தாள். மூன்று மாதமும் அதைக் களைப்பின்றிக் கண்காணித்தேன் நான்! முதல் பரிசு பெற்றால் வானாய்வு முகாம். அதுவே அவள் கனவு, அதுவே அவள் மூச்சு.

சுவர் நிறையப் புதனின் படம். விண்கற்கள் விழுந்து விழுந்து விளைந்த பள்ளங்கள், பள்ளத்துக்குள்ளும் பள்ளங்கள். அவள் கை கழுவப் போன நேரம், படத்தைத் தலைகீழாக மாட்டினேன். ஏன்? குரங்குக் கை சும்மா இருக்குமா? அம்மா, முறைக்காதே, வீட்டில் பேசிக்கொள்வோம்!

நடுவர் வந்தார். "இதெல்லாம் விண்கல் விழுந்த பள்ளம் சார்" என்றாள் அளவுகோல்.

"எங்கம்மா பள்ளம்? மேடு மேடால்ல இருக்கு?"

திரும்பிப் பார்த்தாள். பள்ளமெல்லாம் கொப்புளங்களாய்ப் புடைத்து நின்றன! அவள் முகம் வெளுத்தது. விளையாட்டு வினையானது.

"சார், தலைகீழா மாட்டினது நான்தான். அவ மேல தப்பில்ல" என்றேன்.

"அப்ப உன் பேரை அடிச்சிடலாமா?"

"இருங்க சார்" என்றாள் அவள். "டேய், வாயை மூடிட்டு அந்த ஓரத்தைப் பிடி."

திருப்பினோம். மேடெல்லாம் பள்ளமாயின!

"வெளிச்சம் மேலேருந்துதான் வரும்னு நம்ம கண்ணு பழகிப்போச்சு சார். அதான் தலைகீழாப் பார்த்தா குழி குன்றாத் தெரியுது. சூரியன் எந்தப் பக்கம்னு தெரிஞ்சாதான் நிழலை நம்பலாம்."

நடுவர் ஏழு முறை திருப்பச் சொன்னார். பக்கத்து மேசைக் கூட்டமெல்லாம் எங்கள் மேசைக்கே வந்துவிட்டது!

கடைசியில் பேனாவைத் திறந்தார். "இவன் பேரு?"

"இருக்கட்டும் சார். படத்தைத் திருப்ப ரெண்டு பேர் வேணும்."

பெரியோர்களே! புதனில் பொழிய மழையில்லை, வீசக் காற்றில்லை. பட்ட அடி பல கோடி ஆண்டானாலும் அங்கே பள்ளமாகவே கிடக்கும். நம் மண்ணிலோ மழை கரைக்கிறது, காற்று தூர்க்கிறது, புல் மூடுகிறது. கேட்கிறேன்: மூன்று மாத உழைப்பின் மேல் கல்லெறிந்தவனை ஒரே நொடியில் மன்னிக்க, ஒருத்தியின் நெஞ்சுக்குள் எத்தனை மழை பெய்திருக்க வேண்டும்?

நாளை மறுநாள் முகாமுக்குப் புறப்படுகிறோம். இரண்டு பெட்டியையும் தூக்குபவன் நான். என் பெயரை அடிக்காத நடுவருக்கு நன்றி. அடிக்க விடாத தோழிக்கு ஆயுளுக்கும் நன்றி. அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!