திருகு இல்லாத ராக்கர்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எழுதத் துணிந்தது தப்பாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் போகும் ரயிலில் எனக்கு எதிரே எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பஸ் டிரைவரும், அந்த பஸ்ஸைப் பழுது பார்க்கும் பிட்டரும் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஜினில் வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் தேய்ந்துவிட்டனவாம். புதிது வாங்கப் போனார்கள்.

“திருகு இல்லாததே வாங்குவோம் அண்ணே,” என்றார் டிரைவர், உரத்த குரலில்.

“கிறுக்கா ஒனக்கு? திருகு இருந்தாத்தானே வால்வு இடைவெளிய முறுக்கிச் சரி பண்ணலாம்? இத்தன வருசமா நீதானே சத்தத்தக் கேட்டு முறுக்குற? எனக்குக்கூட அந்தக் காது கெடையாது.”

“இப்ப கேக்கல அண்ணே.”

“என்ன கேக்கல?”

“திருப்புளிய இன்ஜின்ல வச்சு, மறுமுனைய காதுல வச்சா ஒண்ணுமே கேக்கல. பல்லுல கடிச்சாத்தான் டக்கு டக்குன்னு தெரியுது. பட்டறையில எல்லாரும் பாக்க எப்படிக் கடிக்கிறது?”

பிட்டர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

“எப்பருந்து?”

டிரைவர் காதை அவர் பக்கம் திருப்பினார். பிட்டர் மறுபடியும் கேட்டார்.

“தீபாவளிக்கு முன்னாலருந்து. பின்னால வர்ற லோரி ஹார்னும் கேக்கறதில்ல. மொதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணே, அஞ்சு பிள்ளைங்க இருக்கு.”

“மெதுவாப் பேசு தம்பி.”

“மெதுவாத்தானே பேசுறேன்!”

பெட்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் மாலை எங்கள் பஸ்ஸை வேறொருவர் ஓட்டி வந்தார். திருகு வைத்த ராக்கர்களைத்தான் மாட்டியிருந்தார்களாம்.